எழுநூறு கிராம்

அத்தியாயம் 17

போன வாரம் மாதவராஜ் நாக்கு வறண்டு படுக்கப் போனதைப் படித்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும். கொடுத்தாகிவிட்டது. அந்தத் தண்ணீர்தான் இன்றைக்கு வினையாக வந்து நிற்கிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

மாதவராஜ், பாப்பிரெட்டிப்பட்டிப் புளி மண்டிக்காரர் பச்சியப்பனின் ஒரே மகன். குத்துச்சண்டைக்காரன். பத்தொன்பது வயதில் ஐம்பத்து மூன்றரை கிலோவில் தொடங்கினான். தோளும் தொடையும் தடிக்கத் தடிக்க ஐம்பத்தேழுக்குப் போனான், பிறகு அறுபத்தொன்றுக்கு. அந்த அறுபத்தொன்றுதான் அவன் உடம்புக்கென்றே தைத்த சட்டை. எட்டுச் சண்டை, எட்டும் ஜெயம். பட்டத்துக்குக் கூப்பிடும் நேரத்தில் கொரோனா வந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது.

பூட்டுத் திறந்தபோது அவனுக்கு வயது முப்பது, உடம்பு அறுபத்தாறு. அந்த எடையில் இருந்தவர்கள் எல்லாம் அவனைவிட அரை முழம் உயரம். நாலு தோல்வி. கடைசியாகப் பதினான்கு மாதத்துக்கு முன்பு பாங்காக்கில் விழுந்தவன், எழுந்து உட்கார்ந்து, "பஸ்ஸு வந்துடுச்சா?" என்று கேட்டான். அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி சசிகலா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அன்றிலிருந்து அவன் தூங்கும்போது அவள் விழித்திருக்கிறாள்.

இப்போது முப்பத்து மூன்று வயதில், அவன் தன் பழைய எடைக்கே இறங்கி வருகிறான். காலியாக இருக்கும் தேசியப் பட்டத்துக்கான சண்டை நாளை சாயங்காலம், தருமபுரியில், ஒரு கல்யாண மண்டபத்தில். ஆனால் எடை பார்ப்பது இன்று பகல் பன்னிரண்டுக்கு. அறுபத்தொரு கிலோ இருநூறு கிராம். அதற்கு மேலே இருந்தால் பட்டம் கிடையாது. இந்த வயதுக்கு மேல் இன்னொரு அழைப்பும் வராது.

இனி, இன்றைய விடியல்.

*

காலை ஐந்தே முக்காலுக்குப் புளி மண்டியின் ஷட்டர் ஏறியது.

ஒரு மாதமாக மாதவராஜ் தினமும் இரண்டு வேளை அந்த மண்டி எடை எந்திரத்தில்தான் ஏறி இறங்குகிறான். ஊரிலேயே கிராம் சுத்தமாகக் காட்டும் எந்திரம் அது. அவன் ஏறும்போதெல்லாம் அப்பா பச்சியப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பதினாலு வருஷமாக அப்படித்தான். மகனின் முதல் சண்டையில் அவன் மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்து எழுந்து வந்தவர், அதன் பிறகு ஒரு சண்டைக்கும் போனதில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டதும் இல்லை.

இன்றைக்கு அவர் எழுந்தார்.

சுவிட்சைப் போட்டார். சிவப்பு எண் துடித்துப் பூஜ்யத்தில் நின்றது. எடைத் தட்டின் மேல் எப்போதும் ஒரு மடித்த கோணிச் சாக்கு கிடக்கும். புளிப் பிசுபிசுப்பு தட்டில் ஒட்டாமலிருக்க. அந்தச் சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தோள் துண்டாலேயே தட்டைத் துடைத்தார். மூலையில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார்.

"நல்ல காரியமா போற. அழுக்குச் சாக்கு மேல ஏறாத," என்றார். மகன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

மாதவராஜ் செருப்பைக் கழற்றினான். ஈரத் தட்டில் வெறுங்காலோடு ஏறினான். பச்சியப்பன் சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்தார்.

"அறுபத்தொன்னு!" கத்தியது தஸ்தகீர். மாதவராஜுக்குப் பயிற்சி கொடுப்பவன். அவனோடு ஒன்றாகவே சண்டை மேடை ஏறி அடிவாங்கிய சேக்காளி. மணிக்கட்டு உடைந்த பிறகு தருமபுரியில் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். "ரெண்டு பூஜ்யம்டா மாது! இருநூறு கிராம் கையில இருக்குது! நேத்து படுக்கறப்ப அறுபத்திரண்டு அறுநூறு இருந்தியேடா, ராத்திரியில ஒன்னரைக் கிலோவா எறங்கும்?"

"ராவெல்லாம் மூணு போர்வைக்குள்ள கெடந்தாருங்க அண்ணா," என்றாள் சசிகலா. "தலகாணி பிழிஞ்சா தண்ணி வரும்."

"அப்படின்னா ஒரு டம்ளர் தண்ணி குடி. ஒண்ணே ஒண்ணு. பன்னண்டு மணிக்குள்ள அது தானா போயிடும்."

சசிகலாதான் கொடுத்தாள். இரண்டு நாளாக உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தவன், அந்த ஒரு டம்ளரைக் கால் மணி நேரம் குடித்தான். கடைசி மடக்கை வாயிலேயே வைத்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயும் வாயேன்ப்பா," என்றான் மாதவராஜ், காரில் ஏறும்போது.

"இன்னிக்கு நாலு லோடு வருது," என்றார் பச்சியப்பன். ஆனால் கார் திரும்பும் வரைக்கும் உள்ளே போகவில்லை.

*

மண்டபத்து வாசலில் முந்தின நாள் கல்யாணத்தின் வாழை மரங்கள் வாடித் தொங்கின. மணமக்கள் பெயருக்குப் பக்கத்திலேயே மாதவராஜின் ஃபிளெக்ஸ். முடியும் தாடியும் வளர்ந்து, கையுறையோடு முறைத்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணு வூட்டுக்காரங்க பாத்தா ஓடிடுவாங்க," என்றான் தஸ்தகீர். மூவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்தது அதோடு சரி.

மேடையில் அதிகாரிகளின் எடை எந்திரம். வடக்கேயிருந்து வந்த எதிராளிப் பையன், இருபத்தாறு வயது, முதலில் ஏறினான். சரியாக அறுபத்தொன்று. இறங்கி, ஓரமாக உட்கார்ந்து, தர்பூசணி சாப்பிட ஆரம்பித்தான். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மாதவராஜ் ஏறினான்.

"சிக்ஸ்டி ஒன் பாயிண்ட் நைன்."

தஸ்தகீர் சிரித்தபடியே, "இல்லீங்க சார், இன்னொரு தடவ பாருங்க," என்றான்.

பார்த்தார்கள். ஜட்டியையும் கழற்றச் சொல்லி, தஸ்தகீர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, மூன்றாம் முறையும் பார்த்தார்கள். அதே அறுபத்தொன்று தொள்ளாயிரம். எழுநூறு கிராம் அதிகம்.

"ரெண்டு மணி வரைக்கும் டைம்," என்றார் அதிகாரி. "அதுக்குள்ள எறக்கிட்டு வாங்க. இல்லன்னா நாளைக்கு சண்டை போடலாம், பட்டம் கெடையாது. ஜெயிச்சாலும் கெடையாது."

தட்டிலிருந்து இறங்கும்போது மாதவராஜ், படி இருக்கிறதா என்று காலால் தேடினான்.

"இவங்க மிசினுல ஏதோ கோளாறு," என்றான் தஸ்தகீர்.

சசிகலா போனை எடுத்து மாமனாரை அழைத்தாள். "மாமா, காலையில நம்ம மிசினு சரியாத்தான் இருந்துச்சுங்களா?"

"ஏன் தாயி?"

"இங்க எழுநூறு கிராம் சேத்திக் காட்டுது."

மறுமுனையில் சாக்கு இழுபடும் சத்தம். யாரோ ஒரு விவசாயி, "என்னங்க தலைவரே, எடைய போடுங்க," என்கிறார். பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"மாமா?"

கார் போன பிறகு மறுபடி தட்டின் மேல் போட்டிருந்த அந்தக் கோணிச் சாக்கைப் பச்சியப்பன் அப்போதுதான் தூக்கிப் பார்த்திருந்தார். வெறும் தட்டு. சிவப்பில் ஒரு கழித்தல் குறி. அதன் பக்கத்தில் தொள்ளாயிரம்.

"தாயி," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "சாக்கோட சேத்துதான் பூஜ்யம் புடிச்சிருக்கறன். அப்புறமா சாக்கை நான்தானே எடுத்துட்டன். தொள்ளாயிரம் கிராம் கொறச்சுக் காட்டியிருக்குது. நாந்தான் தாயி. நாந்தான்."

ஒரு மாதமும் அந்தச் சாக்கின் மேல்தான் அவன் ஏறினான். எல்லா நாளும் சரியான எடை. அப்பா ஆசையாகத் துடைத்து வைத்த ஒரே ஒரு நாள்தான் தப்பான எடை. காலையிலேயே தெரிந்திருந்தால் ஆறு மணி நேரம் இருந்திருக்கும். அந்த டம்ளர் தண்ணீரும் உள்ளே போயிருக்காது.

சசிகலா போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். தஸ்தகீர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாதவராஜ் மட்டும் மெதுவாகக் கேட்டான்: "அப்பா அழுவறாரா?"

*

வேர்க்க வேண்டும். வேறு வழியில்லை.

மண்டபத்தில் அதற்கென்று அறையா இருக்கிறது? சமையல்கட்டுதான் இருந்தது. அதிகாரிகளுக்கும் மற்ற சண்டைக்காரர்களுக்கும் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. சமையல்காரர் சவுரியப்பன் பெரிய அடுப்பில் இட்லிக் கொப்பரை ஏற்றியிருந்தார்.

"அந்தக் கொப்பரைப் பக்கத்துல இவனை உக்கார வெச்சிக்கறோங்க," என்றான் தஸ்தகீர்.

சவுரியப்பன் மாதவராஜை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருசமா இட்டிலி அவிச்சிருக்கறன். ஆளை அவிச்சதில்ல. சரி, உக்காரச் சொல்லு. மூடிய நான் அப்பப்பத் தெறந்து வுடறன்."

பிளாஸ்டிக் சட்டை, அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல் தஸ்தகீரின் கடையிலிருந்து வந்த பஞ்சடைத்த ரஜாய். ஆவி முகத்தில் அடித்தது. நெருப்பு முதுகைச் சுட்டது. அஞ்சு நிமிடம் உட்கார்வான், அஞ்சு நிமிடம் எழுந்து கயிறு தாண்டுவான். கயிறு சிமெண்டுத் தரையில் பட்டுப் பட்டு ஒலித்தது.

சசிகலா அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏங்க, இப்பவே சொல்லிடறன். பல்ஸு நூத்தி முப்பதைத் தாண்டுச்சுன்னா நான் நிறுத்திடுவன். பட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம். சத்தியம் பண்ணுங்க."

"பண்றன்."

"என் தலமேல கைய வெச்சு."

வைத்தான். கை சுட்டது.

முதல் முறை நூற்றுப் பதினெட்டு. இரண்டாம் முறை நூற்று இருபத்து நாலு. வேர்வை வந்தது, ஆனால் ராத்திரி வந்தது போல ஊற்றாக அல்ல. பிழிந்த துணியை மறுபடி பிழிவது போல, துளித்துளியாக.

ஒரு மணிக்கு எந்திரத்தில் ஏறினான். அறுபத்தொன்று ஐந்நூற்று ஐம்பது. முந்நூற்றைம்பது கிராம் போயிருந்தது. இன்னும் முந்நூற்றைம்பது போக வேண்டும். வேர்வையோ நின்றுவிட்டது. தோல் காய்ந்து, நெருப்பின் சூட்டில் பளபளத்தது.

"இனி தண்ணி இல்ல இவனுக்குள்ள," என்று தஸ்தகீர் முணுமுணுத்தான்.

*

ஒன்றே காலுக்கு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் பச்சியப்பன். லோடு கொண்டுவந்த விவசாயியின் வண்டியிலேயே ஏறி, முப்பத்தைந்து கிலோமீட்டர் வெயிலில் வந்திருந்தார். கக்கத்தில் அந்தச் சாக்கு.

அவர் நேராக மேடைக்குப் போனார். அதிகாரியின் மேசை மேல் சாக்கைப் பரப்பினார்.

"இதாங்க சார், இந்தச் சாக்கு. தொள்ளாயிரம் கிராம். தப்பு எம்பேர்ல. பையனுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கழிவு போட்டுக்குங்க."

"என்னது?"

"கழிவுங்க. மண்டியில சாக்குக்குன்னு கழிப்போம், ஈரத்துக்குன்னு கழிப்போம். எழுநூறு கிராம்தானுங்களே. மனுசன் ஒடம்புல அதுகூடவா கழிக்க மாட்டீங்க?"

அதிகாரி கோபப்படவில்லை. சாக்கை மடித்து அவரிடமே கொடுத்தார். "ஐயா, இங்க கழிவு கெடையாதுங்க. யாருக்குமே கெடையாது."

பச்சியப்பன் சமையல்கட்டுக்கு வந்தார். கம்பளிக்குள்ளிருந்து மகனின் முகம் மட்டும் தெரிந்தது. கன்னம் ஒட்டி, கண் குழிந்து. பதினாலு வருஷமாக அவர் பார்க்காமல் தப்பித்த முகம் அதுதான்.

"வந்துட்டியாப்பா," என்றான் மாதவராஜ்.

"மாது, நான்..."

"வுடுப்பா. தட்டைத் தொடச்சியே, அது நல்லாருந்துச்சு."

பச்சியப்பனுக்கு வாய் கோணியது. என்ன செய்வதென்று தெரியாமல் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அங்கே எப்போதும் இருப்பது இருந்தது: காலையில் லோடு வாங்கும்போது வாயில் போட்டுப் பார்க்கிற சாம்பிள் புளி, கொட்டை நீக்கியது, ஒரு காகிதப் பொட்டலத்தில்.

தஸ்தகீர் அதைப் பார்த்தான். எழுந்தே விட்டான். "அப்பா, அது புளிப்பா?"

"பழசு இல்லடா, புதுப் புளி. கண்ணு சொக்கும்."

"குடுங்க! டேய் மாது, வாய்ல அதக்கு. முழுங்காத. எச்சில் ஊறும், துப்பு. துப்பிக்கிட்டே இரு."

பச்சியப்பன் தன் கையாலேயே ஒரு உருண்டை பிடித்து மகன் வாயில் வைத்தார். மாதவராஜின் முகம் சுருங்கியது. எங்கேயோ ஒளிந்திருந்த எச்சில் ஊறி வந்தது. சவுரியப்பன் ஒரு பால் சொம்பை நீட்டினார். "துப்பு தம்பி, துப்பு. நான் அப்புறம் அதைத் தூக்கிப் போட்டுக்கறன்."

ஒரு உருண்டை. இரண்டாவது. மூன்றாவது. நாக்கு வெந்து வெள்ளையாயிற்று. அப்பா ஊட்டுகிறார், மகன் துப்புகிறான். குழந்தைக்குச் சோறூட்டும்போது முழுங்கு முழுங்கு என்போமே, இங்கே, "முழுங்காத சாமி, முழுங்காத," என்று ஒரு தகப்பன் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஒன்று நாற்பதுக்கு சசிகலா மறுபடி மணிக்கட்டைப் பிடித்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அரை நிமிடத்தில் அறுபத்தொன்பது.

நூற்று முப்பத்தெட்டு.

அவள் விரலை எடுக்கவில்லை. இன்னொரு அரை நிமிடம் எண்ணினாள். அறுபத்தொன்பதுதான்.

"எவ்வளவு தாயி?" என்றார் பச்சியப்பன். அவர் விரல் நுனியில் இன்னும் புளி ஒட்டியிருந்தது. முகத்தில் பதினாலு வருஷத்தின் வட்டியெல்லாம் சேர்ந்து ஒரு நம்பிக்கை.

மாதவராஜ் அவளைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். இந்த ஒரு எடைக்காக அவன் எத்தனை வருஷம் ஏறி இறங்கினான் என்று அவளுக்குத் தெரியாதா?

"நூத்தி இருவத்தாறு," என்றாள் சசிகலா.

நீங்கள் அவளை ஏசாதீர்கள். நான் ஏசவில்லை.

*

ஒன்று ஐம்பத்திரண்டு. மேடை.

அறுபத்தொன்று முந்நூறு.

"இன்னும் நூறு," என்றான் தஸ்தகீர். "நூறே நூறுடா."

மாதவராஜ் புளியை வாயில் போட்டான். ஒன்றும் ஊறவில்லை. எச்சிலும் வற்றிவிட்டது. எட்டு நிமிடத்தில் நூறு கிராம் எங்கிருந்து வரும்?

தஸ்தகீரின் கண் மாதவராஜின் தலைக்குப் போனது. வேர்வையில் நனைந்து தோளில் ஒட்டிக் கிடந்த முடி. மார்பைத் தொடும் தாடி. பார்த்தவன் சட்டென்று கண்ணை வேறு பக்கம் திருப்பினான்.

அது சாமிக்கு விட்ட முடி. பாங்காக்கில் அவன் விழுந்த அன்று அவன் அம்மா பெரியம்மாள் தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு விட்டது. பிள்ளை மறுபடி சண்டை மேடை ஏறி, நல்லபடியாக இறங்கி வந்த பிறகு, மலை மேல், தீர்த்தம் ஆடி, தன் கண் முன்னால்தான் கத்தி வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பதினாலு மாதமாக அவன் தலையில் சீப்பு வைத்தால்கூட உதிர்ந்ததை எண்ணுவாள்.

"அம்மாவுக்குப் போன் போடு," என்றான் மாதவராஜ்.

சசிகலா போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இந்த நேரத்தில் பெரியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பாள்.

ஒன்று ஐம்பத்து நாலு.

"அம்மா சொல்லாம வேணாம்ப்பா. போனா போவுது. வுட்டுடலாம்."

"கத்திரி இருக்குதா தஸ்தகீரு?" என்றார் பச்சியப்பன்.

கையில் சுற்றும் துணியை வெட்டுவதற்குத் தஸ்தகீர் எப்போதும் ஒரு கத்திரி வைத்திருப்பான். அதை எடுத்தான், நீட்டவில்லை. "அப்பா, நான் இதுல கை வெக்க மாட்டன். உங்க சாமி காரியம்."

"நீ வெக்க வேணாம். குடு."

"மாமா, அத்தை..." என்று சசிகலா ஆரம்பித்தாள்.

"உங்க அத்தைகிட்ட நான் பேசிக்கறன். சாமிகிட்டயும் நானே பேசிக்கறன். தப்பு எடை போட்டவன் நான். கழிவும் நான்தான் குடுக்கணும்."

அந்த மண்டபத்தில் முந்தின நாள் தாலி கட்டிய அதே மேடையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மகனை உட்கார வைத்து, பச்சியப்பன் வெட்டத் தொடங்கினார். சாக்கை மகன் மடியில் விரித்து, விழும் முடியை அதில் பிடித்தார். ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். தாடியை ஒரே பிடியில் வெட்டினார். தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கூட எழுந்து நின்றுவிட்டான்.

"காது, காதுப்பா," என்றான் மாதவராஜ்.

"சும்மா இருடா."

ஒன்று ஐம்பத்தெட்டு.

வேட்டித் திரையின் ஒரு முனையைத் தஸ்தகீர் பிடித்தான். மறு முனையைப் பச்சியப்பன். அதற்குப் பின்னால், எலி கடித்தது போன்ற தலையோடு, எலும்பு தெரிய, ஒரு மனிதன் தட்டில் ஏறி மூச்சைப் பிடித்து நின்றான்.

எண் ஓடியது. முந்நூறு. நூற்றைம்பது. இருநூற்றைம்பது. இருநூறு.

நின்றது.

"சிக்ஸ்டி ஒன் பாயிண்ட் டூ!"

சமையல்கட்டு வாசலில் சவுரியப்பன் கரண்டியால் தாம்பாளத்தைத் தட்டினார். தஸ்தகீர் வேட்டியைக் கீழே விட்டுவிட்டான். நல்ல வேளை, பச்சியப்பன் ஓடிப்போய் மகனைச் சேர்த்து அணைத்து மூடினார். அணைத்தவர் விடவில்லை. "காஞ்சு போயிட்டியேடா, காஞ்சு போயிட்டியேடா," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

*

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை சசிகலா தயாராக வைத்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த மாதவராஜிடம் டம்ளரை நீட்டினாள்.

"மெதுவா. ஒவ்வொரு மடக்கா."

அவன் கையை நீட்டினான். விரல்கள் மடங்கின. டம்ளருக்கு நாலு விரற்கடை இடது பக்கத்தில், வெறும் காற்றைப் பிடித்தன.

அவன் விரல்களைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். "கை வழுக்குது," என்றான்.

கை வழுக்க அதில் ஈரமே இல்லை.

இரண்டாம் முறை சரியாகப் பிடித்துக் குடித்தான். அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தஸ்தகீர் போனில் யாருக்கோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். பச்சியப்பன் தரையில் உட்கார்ந்து, ஒரு மயிர்கூட விடாமல் பொறுக்கிச் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, பெரியம்மாளின் பெயரைக் கண்டு, அப்படியே திரும்ப வைத்துக்கொண்டார்.

பட்டினியாலா? வெக்கையாலா? அல்லது பாங்காக்கில் தொடங்கிய ஏதோ ஒன்றா? நர்ஸுக்குத் தெரியவில்லை. மனைவி டம்ளரோடு சேர்த்து அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்து மெடிக்கல்," என்று சண்டைக்கான டாக்டர் வந்து எதிரே நாற்காலியைப் போட்டார். வயதானவர், பொறுமையானவர். ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணில் விளக்கடித்தார். தாளில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்: "தலைவலி, மயக்கம், ரெண்டு ரெண்டா தெரியறது, ஏதாச்சும் உண்டா?"

"ஒண்ணுமில்லீங்க சார்," என்றான் மாதவராஜ்.

டாக்டர் எழுதவில்லை. சசிகலா பக்கம் திரும்பினார். "நீங்க நர்ஸாமே? அடுப்படியில நீங்கதான் பல்ஸ் பாத்தீங்கன்னு சொன்னாங்க. இந்த மாதிரி காயப் போட்ட ஒடம்புக்கு எனக்கு அந்த நம்பர்தாம்மா முக்கியம். அதிகபட்சம் எவ்வளவு போச்சு? அதைப் பாத்துதான் நாளைக்கு மேடையில ஏத்தறதா வேணாமான்னு நான் கையெழுத்துப் போடணும்."

பச்சியப்பன் சாக்குச் சுருட்டோடு எழுந்து வந்தார். முகமெல்லாம் ஈரச் சிரிப்பு.

"தாராளமா எழுதிக்குங்க சார். என் மிசினை நம்பாதீங்க. எங்க மருமவ சொன்னா கிராம் சுத்தமா இருக்கும்."

பேனா காத்திருந்தது. மாதவராஜ் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"நூத்தி..." என்று தொடங்கினாள் சசிகலா.